‘படிச்சது நிக்கல’ என்கிறான் பையன்: படிப்பை மாற்றும் முன் படிக்கும் முறையை மாற்றுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பையன் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ராத்திரி 12 மணி வரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். டெஸ்ட் வைத்தால் 70-க்கு 30 தாண்டுவதில்லை. ‘படிச்சேன்மா, நிக்கல’ என்று அழுகிறான். ஞாபகசக்தி இல்லாத பிள்ளைக்கு இன்ஜினியரிங் வேண்டாம் என்று விட்டுவிடலாமா? டானிக் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: அம்மா, இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ராத்திரி 12 வரை உட்காருகிற பிள்ளையிடம் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு எங்கே வீணாகிறது என்று முதலில் பார்ப்போம்.

அவன் படிக்கும்போது ஒரு பத்து நிமிஷம் கவனியுங்கள். ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிப்பான், ஹைலைட்டரால் கோடு போடுவான். பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்தது என்று மனசு எடுத்துக்கொள்ளும். பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் பேர் கேட்டால் வராது, இல்லையா? பார்த்தால் அடையாளம் தெரிவது ஒரு வேலை, பார்க்காமல் எடுத்துச் சொல்வது இன்னொரு வேலை. உங்கள் பையன் முதல் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறான், பரீட்சையோ இரண்டாவதைக் கேட்கிறது.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் மாணவர்கள் ஒரு பாடப் பகுதியை நாலு முறை படித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னால்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. அந்த ஐந்தாவது நிமிஷம்தான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. புத்தகத்தை மூடும்போது எல்லாம் தலையில் இருப்பதுபோல் தெரியும்.

காசிமேட்டில் மீன் கூடை முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பாருங்கள். யார் போன வாரம் எவ்வளவு பாக்கி வைத்தார்கள், யார் வீட்டுக்கு வஞ்சிரம், யாருக்கு சங்கரா, எல்லாம் நோட்டுப் புத்தகம் இல்லாமல் சொல்வார். தினமும் வேறு வேறு நேரத்தில் அதை நினைவிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார், அதனால் நிற்கிறது. பாடத்துக்கும் அதே வழிதான்.

முறை இது. ஒரு நேரத்தில் இரண்டு பக்கம், 20 நிமிஷம் படிக்கட்டும். மூடட்டும். வெள்ளைத்தாளில் 8 நிமிஷம், நினைவுக்கு வருவதை எல்லாம் எழுதட்டும். வாக்கியம் வேண்டாம், முக்கிய வார்த்தையும் அம்புக்குறியும் போதும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பு மையில் அதே தாளில் சேர்க்கட்டும். இந்தச் சிவப்பு மையை விட்டுவிட்டால் தப்பே மனசில் ஊறிவிடும். மறுநாள் புதுத்தாளில் மறுபடி எழுதி, பழைய தாளின் சிவப்போடு ஒப்பிட வேண்டும். அடுத்து 3-ம் நாள், 7-ம் நாள், 21-ம் நாள்.

இடைவெளி ஏன் என்றால், மறதி முதல் நாளிலேயே பாதிக்கு மேல் தின்றுவிடும். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து 1885-ல் கணக்கை வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மறுபடி படித்தபோது, முதல் முறை பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமாயிற்று. கொஞ்சம் மறந்த பிறகு முயன்று எடுப்பதுதான் நினைவை இறுக்குகிறது.

வேதியியலில் உலோகவியல் முதல் பாடம். அதில் தாதுவை மண், கல்லிலிருந்து பிரிக்கும் நுரை மிதப்பு முறையை எடுத்துக்கொள்வோம். ‘பைன் எண்ணெய், சோடியம் எத்தில் சாந்தேட், சோடியம் சயனைடு’ என்று மூன்று பேரையும் நெட்டுருப் போட்டால் பரீட்சையில் ஒன்றுக்கு ஒன்று இடம் மாறும். மனசு ஒரே சமயத்தில் கையில் பிடித்து வைக்கக்கூடியது ஏறக்குறைய நாலு விஷயம்தான். ஆகவே ‘ஏன்’ என்று கேட்டு ஒன்றோடு ஒன்றைக் கட்ட வேண்டும். தாதுப் பொடியைத் தண்ணீரில் போட்டுக் காற்றை ஊதுகிறார்கள். நுரை நிற்க எண்ணெய் வேண்டும், அது பைன் எண்ணெய். சல்பைடு தாது தண்ணீரோடு ஒட்டாமல் நுரையோடு ஒட்ட வேண்டும், அந்த மேல்பூச்சைத் தருவது சாந்தேட். மண்ணும் கல்லும் நனைந்து அடியில் தங்கும். கலீனா என்ற ஈயத் தாதுவோடு துத்தநாக சல்பைடும் கலந்திருந்தால் அதுவும் மேலே வந்துவிடுமே? அதைத் தடுக்கத்தான் சயனைடு, துத்தநாக சல்பைடின் மேற்பரப்பில் அணைவுச் சேர்மமாகப் படிந்து அதை மிதக்க விடாது. இப்போது மூன்று பேரும் ஒரே கதை. ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும் கூடவே வரும்.

கணக்கில் வேறு ஒரு கோளாறு நடக்கும். ஒரே பயிற்சியில் இருபது கணக்கு வரிசையாகப் போட்டால் இருபதாவது பறக்கும், ஆனால் எந்த வழியில் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அவன் ஒரு தடவைகூடச் செய்திருக்கமாட்டான். கேரம் விளையாடுகிற பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும்: ஒரே கட் ஷாட்டை நூறு தடவை அடித்தவன் மேட்ச்சில் திணறுவான், போர்டில் காய் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தானே நிற்கும்! தினமும் கணக்குப் புத்தகத்தின் மூன்று பாடங்களில் இருந்து நாலு நாலு கணக்கைக் கலந்து எடுத்து 12 போடட்டும்.

ஒரு மார்க் கேள்விகளுக்குச் சீட்டு போதும். ஏ4 தாளை எட்டாக வெட்டி, முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, ஒரு சீட்டில் ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்குப் புதிதாகப் பத்துக்கு மேல் வேண்டாம். காலி சுவீட் பாக்ஸ் மூன்று: முதல் பெட்டியை தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். இதில் உங்கள் பங்கு பெரியது, அம்மா. பாடம் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, விடை சீட்டில் இருக்கிறது. கேட்டுவிட்டுப் பதினைந்து விநாடி பேசாமல் இருங்கள். அவன் முழிக்கிற நேரத்தில்தான் வேலை நடக்கிறது. ‘இதுகூடத் தெரியலையா’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் ‘பழைய மாதிரியே படிச்சா நல்லா இருந்துச்சு’ என்பான். வெறும் தாள் முன்னால் உட்காருவது கஷ்டம்தான், பெரும்பாலான பிள்ளைகள் அங்கேதான் விடுவார்கள். இழுத்துப் பிடியுங்கள்.

ராத்திரி பதினொன்றுக்கு மேல் வேண்டாம், ஏழு மணி நேரமாவது தூங்கட்டும். படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்கும் பங்கு உண்டு. ஒரே அறையில் டிவியும் சமையலும் நடக்கிற வீடு என்றால் எழுதிப் பார்க்கும் அரைமணி நேரம் மட்டும் டிவியை நிறுத்துங்கள். சீட்டுகளை மெட்ரோவிலும் பஸ்ஸிலும் நின்றுகொண்டே பார்க்கலாம்.

டானிக் மார்க்கைக் கூட்டாது. சதா சோர்வாக, முகம் வெளுத்து இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம்பிடித்து, பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் கவனம் நிற்காது, அதற்கு டாக்டர் தரும் மருந்து வேறு.

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி அவன் பத்தாம் வகுப்புத் தமிழில் படித்திருப்பான். 1907 மார்ச் 10-ல், இதோ சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா அரங்கில், நூறு செயல்களை ஒரே நேரத்தில் செய்து காட்டினார். இப்படிப் பலதையும் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கும் அவதானம் பழகிப் பெறுகிற கலை என்பதை அவனுக்குச் சொல்லுங்கள்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் ஏறும் ஒவ்வொரு மார்க்கும் மற்ற இரண்டைவிட இரட்டிப்பு எடை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. பாலிடெக்னிக், ஐடிஐ நல்ல படிப்புகள்தான். ஆசைப்பட்டு எடுக்கலாம், மறதிக்குப் பயந்து எடுக்கக் கூடாது. அங்கேயும் நினைவில் வைக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து அதே பாடங்களில் ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். பழைய பேப்பரையும் புதுப் பேப்பரையும் பக்கத்தில் வைத்து, விட்ட மார்க் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘நினைவுக்கு வரல’, ‘புரியல’, ‘நேரம் போதல’ என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு பேப்பரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று உட்கார்ந்து பேசலாம்.