பல திரைகளில் முப்பரிமாணக் காட்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓசூரில் டை (உலோகப் பாகங்களுக்கான அச்சு) வடிவமைப்புப் பணியில் இருக்கிறேன். முதல் மானிட்டரில் சீராகச் சுழலும் முப்பரிமாண மாதிரி, சாளரத்தை இரண்டாம் மானிட்டருக்கு இழுத்ததும் திணறுகிறது. புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குவதற்கு முன் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி துளைகளை ஒட்டி இருக்கும் எச்டிஎம்ஐ துளை மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே தனித் தகட்டில் வரிசையாக இருப்பவையே கார்டினுடையவை. கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறுவகைத் திரைத் துளைகள் மிகுதி என்பதால், இரண்டாவது எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகிவிடுவது பலரும் செய்வதுதான். அப்போது அந்தத் திரையை இயக்குவது பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் சிப். மென்பொருளோ கார்டில் வரைந்துகொண்டிருக்கும். ஆகவே கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் நகலெடுக்கப்பட்ட பிறகே அந்தத் திரையை அடைகிறது. இரண்டு கேபிள்களையும் கார்டிலேயே செருகுங்கள். நானும் ஒருமுறை இதைக் கவனியாமல், டிரைவரை மூன்று தடவை அழித்து நிறுவியவன்தான்.

கேள்வி: பர்கூரில் பொறியியல் படிக்கிறேன். துறையின் லினக்ஸ் கணினியில் நல்ல கார்டு இருக்கிறது. விடுதியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக, தரவை முப்பரிமாணத்தில் காட்டும் பாராவியூ மென்பொருளைத் திறந்தால் நகரவே மாட்டேன் என்கிறது. சில நாள் திறப்பதே இல்லை.

பதில்: நீங்கள் எக்ஸ் ஃபார்வர்டிங் முறையில் இணைகிறீர்கள் என்று கொள்கிறேன். அம்முறையில் வரையும் கட்டளைகள் வலைவழியே உங்கள் மடிக்கணினிக்கு வந்து சேர்கின்றன. துறையின் கார்டு சும்மா இருக்கிறது. மேலும், லினக்ஸில் திரைக்காட்சியைக் கவனிக்கும் எக்ஸ்.ஆர்க் மென்பொருளில், 2015இல் வெளிவந்த 1.17 பதிப்பு முதல் இத்தகைய மறைமுக வரைவு இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை இயக்கி, முப்பரிமாணப் படத்தை வரைவது எது என்று காட்டும் ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் என்ற வரியைப் படியுங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் பிராசசரே படம் வரைகிறது என்று பொருள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. விர்ச்சுவல்ஜிஎல் என்ற மென்பொருளை நிறுவினால், தொலைவிலுள்ள கார்டு வரைந்து முடித்த படம் மட்டும் உங்களுக்கு வரும். இல்லையேல் துறைக் கணினியில் பாராவியூவின் சர்வரை ஓடவிட்டு, உங்கள் கணினியிலிருந்து 11111 என்ற போர்ட் (வலை இணைப்புக்கான வாயில் எண்) வழியாக இணையலாம். நான் இரண்டாவதையே விரும்புவேன். ஆனால் இரு பக்கமும் பாராவியூவின் பதிப்பு எண் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறை அலுவலகம். காலையில் இரண்டு திரைகளிலும் வேகமாக இருக்கும் காட்சி, அரை மணி நேரத்தில் மந்தமாகிவிடுகிறது.

பதில்: கார்டின் விசிறியில் கல்தூசி படிந்திருக்கும். சூடேறிய கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதி எடுங்கள்.

கேள்வி: தர்மபுரியில் கல்லூரி ஆசிரியர். நான்கு முழு எச்டி டிவிகளை இரண்டுக்கு இரண்டாகச் சுவரில் மாட்டி, ஒரே படத்தைப் பரப்ப வேண்டும். ஒரு கார்டு தாங்குமா?

பதில்: நான்கும் சேர்ந்து 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள், ஒரே ஒரு 4கே திரைக்கும் அதே எண்ணிக்கைதான். நான்கு வெளியீடுகள் உள்ள கார்டு போதும். சாளரத்தைப் பெரிதாக்கினால் அது ஒரு டிவியோடு நின்றுவிடுவதே சிக்கலாக இருக்கும். என்விடியாவின் தொழில்முறை கார்டுகளில் மொசைக், ஏஎம்டி கார்டுகளில் ஐஃபினிட்டி என்ற வசதி நான்கையும் ஒரே திரையாக இயங்குதளத்துக்குக் காட்டும். நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும். டிவிகளின் விளிம்புச் சட்டம் மறைக்கும் அளவுக்குப் படத்தை விட்டுத் தொடரும் அமைப்பும் அவற்றில் உண்டு. அதைச் சரிசெய்யாவிட்டால் நடுவே செல்லும் சாய்கோடு சட்டத்தின் இரு பக்கமும் முறிந்ததுபோல் தெரியும்.