பறிகொடுத்தவர் மேலேயே வழக்கா? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் நண்பர் ஒருவர், ஒன்றரை வயது மகன் பின் சீட்டில் தூங்குவதை மறந்து, காரைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார். மதியம் மனைவி போன் செய்தபோதுதான் நினைவு வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. இப்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவர்மேல் வழக்கு. மனிதர் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவரை இதற்குமேல் யார் என்ன தண்டிக்க முடியும்? 'துயரத்தில் இருக்கும் பெற்றோர்மேல் வழக்கே போடக்கூடாது' என்று ஒரு மனு தயாரித்திருக்கிறோம். நீங்களும் கையெழுத்திட வேண்டும். 'பெத்த பிள்ளையை எவனாவது மறப்பானா' என்று உறவுக்காரர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனுவில் நான் கையெழுத்திடப் போவதில்லை. உங்கள் நண்பர் மேலுள்ள வழக்கைக் கைவிட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் உறவுக்காரர்களின் கேள்வி. பெற்றவர் மறப்பாரா? மறக்கிறார்கள். அமெரிக்காவில் சராசரியாக ஆண்டுக்கு 37 குழந்தைகள் சூடேறிய காருக்குள் இறக்கிறார்கள். அதில் பாதிக்குமேல் மறதியால் விடப்பட்டவர்கள். 1990களில் முன் சீட்டு ஏர்பேக் விரிந்து சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அதனால் குழந்தைகளைப் பின் சீட்டுக்கு மாற்றச் சொன்னார்கள், கைக்குழந்தை என்றால் பின்பக்கம் பார்த்தபடி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளை ஓட்டுபவரின் கண்ணில் படாமல் போய்விட்டது.

தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டயமண்ட் இந்த மரணங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். தினமும் போகிற பாதையில் பழக்கமே வண்டியை ஓட்டுகிறது, அன்றைக்கென்று வந்த புது வேலையை அது அமுக்கிவிடுகிறது என்பது அவர் விளக்கம். வழக்கமாக அம்மா கொண்டுவிடுவார், அன்று அப்பா. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. பிள்ளை கண்ணயர்ந்துவிட்டது, சத்தமில்லை. நடுவில் ஒரு போன். காப்பகத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கார் நேரே அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் பிள்ளையை விட்டாயிற்று என்றே மனம் நம்புகிறது. பின் சீட்டில் இருப்பது தெரியாமல், மாலையில் காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கேட்டவர்களும் உண்டு. மறந்தோம் என்பதே தெரியாதவரைச் சிறை பயம் எப்படித் தடுக்கும்? இத்தாலி 2019 முதல், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கார் இருக்கைக்கு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. அங்கே யாரோ கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் நண்பர் தெரிந்து எதையும் செய்யவில்லை. அந்த ஒரு காரணம் போதும். நீங்களோ 'துயரத்தில் இருக்கும் பெற்றோர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தையை மறந்தது ஒரு வேன் டிரைவர் என்றால் இந்த மனுவை எழுதியிருப்பீர்களா?

துயரத்தை அளவுகோலாக்கினால் யாராவது அதை அளந்தாக வேண்டும். வேலையும் மரியாதையும் உள்ளவர் கதறினால் 'பாவம்' என்போம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஏழைத் தாய் அழக்கூட முடியாமல் உறைந்து உட்கார்ந்திருந்தால் 'கல்நெஞ்சக்காரி' என்போம். 2010இல் அட்லாண்டா அருகே ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். வீடு எதிர்ப்பக்கம். சாலையைக் கடக்கும் சிக்னல் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நடுத்திட்டு வரை வந்து நின்றார்கள். நான்கு வயது மகன் கையை உதறிக்கொண்டு ஓட, கார் மோதி இறந்தான். மோதியவர் நிற்கவே இல்லை. அன்று குடித்திருந்ததைப் பிறகு ஒப்புக்கொண்டார், ஆறு மாதம் சிறையில் இருந்தார். கார் கூட இல்லாத அந்தத் தாய்மேல் வாகனத்தால் மரணம் விளைவித்த வழக்கு! 2011இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மூன்று ஆண்டு வரை சிறைக்கு வாய்ப்பிருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. நீதிபதி சிறைத் தண்டனை தராமல், மறு விசாரணைக்கும் வழி விட்டார். அவரும் பறிகொடுத்தவர்தானே? அவர் துயரம் எந்த அதிகாரியின் கையையும் பிடித்து நிறுத்தவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தவர், குடித்துவிட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவர், 'அஞ்சு நிமிஷம்தானே' என்று வெயிலில் தெரிந்தே காருக்குள் விட்டுப் போனவர். (பத்தே நிமிடத்தில் காருக்குள் 10, 11 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.) இவர்களும் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள், அதில் பொய் கிடையாது. ஆனாலும் வழக்கு வேண்டும். பிள்ளை பெற்றவர்களின் உடைமை இல்லை, அவர்களுக்கு நேர்ந்த இழப்பு என்று மட்டும் கணக்கெழுதி மூடிவிடுவதற்கு.

துயரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்றால், உண்டு, தண்டனை விஷயத்தில். ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 60ஆம் பிரிவில் அதைச் சொல்கிறது. குற்றத்தின் விளைவு செய்தவரையே கடுமையாகத் தாக்கி, தண்டிப்பது பொருளற்றது என்று வெளிப்படையாகத் தெரிந்தால், நீதிமன்றம் தண்டனையை விட்டுவிடும். அந்தச் செயலுக்காக அவருக்கு ஓராண்டுக்குமேல் சிறை விதிக்க வேண்டியிருக்கும் என்றால் இந்தச் சலுகை கிடையாது. கவனக்குறைவு மரணத்தில் பிரேசில் சட்டமும் தண்டனையை விட்டுவிட நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. தவறு பதிவாகும், ஆள் வீட்டுக்குப் போவார். எனக்கு இது சரியாகப் படுகிறது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். விசாரணையே வேண்டாம் என்று கேட்காதீர்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள், மாதக்கணக்கில் இழுக்கவிடாமல் வக்கீலை வைத்து நெருக்குங்கள். அன்று காலை யார் எங்கே போனார், எப்போது யார் கூப்பிட்டார், வழக்கமாக யார் பிள்ளையைக் கொண்டுவிடுவார் என்று ஒரு அதிகாரி உட்கார்ந்து எழுதி, இதில் குற்றம் இல்லை என்று முடித்தால், உறவுக்காரர் வாயை அடைக்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். அதைவிட, உங்கள் நண்பரின் மனைவிக்கு அது தேவைப்படும். இன்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அந்தக் காலையில் என்னதான் நடந்தது என்று ஒருநாள் கேட்பார். அதை முழுதாகச் சொல்லும் நிலையில் அவர் கணவர் இருப்பாரா, தெரியாது.