சோஷியல் செக்யூரிட்டி: சம்பள வரம்பு, வரி, வந்து சேராத பணம் – கேள்வி பதில்

அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வை நெருங்கும் நம்மவர்கள் சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியம் (இங்கே பென்ஷன் என்பதும் அதுதான்) பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. படிக்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டே வேலையும் பார்ப்பவருக்கான சம்பள வரம்பு என்பது உழைத்துச் சம்பாதித்த பணத்தை மட்டும் பார்க்கும். வரிச் சட்டம் எல்லா வருமானத்தையும் பார்க்கும். இரண்டுக்கும் கணக்கும் வேறு, அலுவலகமும் வேறு. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் தவறான மாதத்தில் விண்ணப்பிக்கிறார்கள்.

கேள்வி (டல்லாஸ், வயது 63): 62 முடிந்ததுமே பென்ஷன் வாங்க ஆரம்பித்துவிட்டேன். மாதம் 1,800 டாலர். இப்போது பழைய கம்பெனியில் பகுதிநேரமாக வரச் சொல்கிறார்கள், வருடத்துக்கு 40,000. போனால் பென்ஷனில் பாதி போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது 67. அதற்கு முன்பே பென்ஷன் வாங்கிக்கொண்டு வேலையும் பார்ப்பவருக்கு 2026ஆம் ஆண்டின் வரம்பு 24,480 டாலர். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரை நிறுத்திவைப்பார்கள். உங்கள் 40,000இல் வரம்பு போக மிஞ்சுவது 15,520. அதில் பாதி 7,760.

இந்தத் தொகையை மாதாமாதம் சிறிது சிறிதாகக் கழிப்பார்கள் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கழிப்பதில்லை. ஜனவரியிலிருந்து முழு மாதப் பணத்தையே நிறுத்துவார்கள். உங்களுக்கு 5 மாதம், ஆக 9,000. கூடுதலாக நின்ற 1,240 அடுத்த வருடம் திரும்பி வரும். அந்த 5 மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். உங்கள் கணக்கின் பேரில் மனைவியும் பென்ஷன் வாங்கினால் அவருடையதும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

நின்ற பணம் போனது போனதுதான் என்று எண்ண வேண்டாம். 67 ஆனதும் கணக்கைத் திருத்துவார்கள். 62இலேயே, அதாவது 60 மாதம் முன்னதாக எடுத்ததற்காக உங்களுக்கு 30 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். இடையில் மொத்தம் 12 மாதப் பணம் நின்றிருந்தால் 48 மாதம்தான் முன்னதாக எடுத்ததாகக் கொள்வார்கள். குறைப்பு 25 சதவீதமாகும். உங்கள் 1,800 சுமார் 1,928 ஆகி, ஆயுள் முழுக்க அப்படியே வரும். வருடாந்திர விலைவாசி உயர்வு அதற்கு மேல்.

முழு ஓய்வு வயதைத் தொடும் வருடத்துக்கு வரம்பு, 2026 கணக்குப்படி, 65,160. அதிலும் அந்தப் பிறந்த மாதத்துக்கு முந்தைய சம்பளத்தை மட்டும் பார்ப்பார்கள், 3 டாலருக்கு 1 டாலர் வீதம் நிற்கும். 67 ஆன மாதத்திலிருந்து வரம்பே கிடையாது.

வேலையில் சேரும் முன்பே இந்த வருடம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். 401(கே) என்ற கம்பெனி வழி ஓய்வுச் சேமிப்பில் போடும் பணத்தைக் கழிக்காமல் மொத்தச் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் தவறுகிறவர்கள் நிறைய.

கேள்வி (சான் ஹோசே, வயது 64): ஜூன் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். அதற்குள்ளேயே 1,10,000 டாலர் சம்பளம் வாங்கியிருப்பேன். அப்படியானால் இந்த வருடம் விண்ணப்பிப்பதே வீண்தானே?

பதில்: வீணில்லை. ஓய்வு பெறும் முதல் வருடத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, அதில் மாதக் கணக்கு பார்ப்பார்கள். ஜூலையிலிருந்து எந்த மாதத்தில் உங்கள் சம்பளம் 2,040 டாலருக்குள் இருக்கிறதோ அந்த மாதத்துக்கு முழுப் பென்ஷன் உண்டு. முந்தைய 1,10,000 குறுக்கே நிற்காது. அடுத்த ஜனவரியிலிருந்து வருட வரம்புதான்.

ஓய்வுக்குப் பிறகு கன்சல்டிங் செய்யும் எண்ணம் இருந்தால் ஜாக்கிரதை. சொந்தத் தொழில் என்றால் முதல் வருடத்தில் மணிக்கணக்கையும் பார்ப்பார்கள். மாதம் 45 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் நீங்கள் ஓய்வு பெற்றவர் ஆக மாட்டீர்கள். நிபுணத்துவம் தேவைப்படும் தொழிலில் 15 மணி நேரத்தைத் தாண்டினாலே கேள்வி எழும்.

இன்னொன்று. மிச்ச விடுமுறைக்கான பணமும் பழைய போனஸும் ஆகஸ்டில் வந்து சேரலாம். அது ஜூனுக்கு முன் செய்த வேலைக்கான கூலி, ஆகவே வரம்பில் சேராது. ஆனால் அது வருடக் கடைசிப் படிவத்தில் சம்பளமாகவே பதிவாகும். கம்பெனியிடம் எஸ்.எஸ்.ஏ.-131 படிவத்தை நிரப்பி வாங்கிக் கொடுத்தால்தான் சரியாகும்.

கேள்வி (அட்லாண்டா): சென்னை வீட்டு வாடகை, 401(கே)விலிருந்து எடுக்கும் பணம், பங்கு விற்ற லாபம் இவையெல்லாம் 24,480 வரம்பில் சேருமா?

பதில்: சேராது. வட்டி, டிவிடெண்ட், தனியார் பென்ஷன் எதுவும் சேராது. ஆனால் வரியில் இவை அத்தனையும் சேரும். அடுத்த கேள்வி அதுதான்.

கேள்வி (நியூ ஜெர்சி, இருவருக்கும் வயது 68): எங்கள் இருவருக்கும் சேர்த்து வருடம் 30,000 டாலர் சோஷியல் செக்யூரிட்டி. ஐ.ஆர்.ஏ. என்ற சொந்த ஓய்வுச் சேமிப்புக் கணக்கிலிருந்து 20,000 எடுக்கிறோம். சென்னை வாடகையில் செலவு போக 6,000. இந்திய வங்கியில் வெளிநாட்டு இந்தியருக்கான என்.ஆர்.இ. டெபாசிட் வட்டி 4,000, அதற்கு இந்தியாவில் வரி இல்லை. 85 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: 85 சதவீதம் என்பது வரி விகிதமே இல்லை. உங்கள் பென்ஷனில் அதிகபட்சம் அந்தப் பங்கு வரை வரிக்கணக்கில் சேரலாம் என்பதே பொருள்.

என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில்தான் விலக்கு. அமெரிக்காவில் அது சாதாரண வட்டி, காட்டியே ஆக வேண்டும். ஆகவே மற்ற வருமானம் 20,000 + 6,000 + 4,000 = 30,000. அதோடு சோஷியல் செக்யூரிட்டியில் பாதியான 15,000ஐக் கூட்டுங்கள். 45,000 வருகிறது. இந்தத் தொகை ஒரு படியைத் தாண்டினால்தான் பென்ஷன் வரிக்கணக்கில் சேரத் தொடங்கும். சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 32,000 முதல் படி, 44,000 இரண்டாம் படி. தனியாளுக்கு 25,000, 34,000. முதல் படி 1983இலும் இரண்டாவது 1993இலும் சட்டமானவை. விலைவாசிக்கு ஏற்ப இன்று வரை உயர்த்தவே இல்லை. நடுத்தரக் குடும்பங்களையும் இந்த வரி எட்டிப் பிடிப்பதற்கு அதுவே காரணம், இது பெரிய அநியாயம்.

32,000க்கும் 44,000க்கும் இடைப்பட்ட 12,000இல் பாதி, 6,000. 44,000க்கு மேலுள்ள 1,000இல் 85 சதவீதம், 850. ஆக உங்கள் 30,000இல் 6,850 மட்டுமே வரிக்கணக்கில் சேரும். மொத்தம் 36,850. 2025ஆம் ஆண்டுக்கு 65 வயது தாண்டிய தம்பதியின் நிலையான கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை, 34,700. அதற்கு மேல் 2025 முதல் 2028 வரை ஆளுக்கு 6,000 முதியோர் கழிவு இருக்கிறது. மொத்தக் கழிவு 46,700. உங்களுக்கு மத்திய வருமான வரி ஒரு டாலர்கூட வராது.

பத்திரிகைகளில் "சோஷியல் செக்யூரிட்டிக்கு வரி ரத்து" என்று வந்ததை நம்பிவிடாதீர்கள். ரத்தாகவில்லை, இந்த 6,000 கழிவுதான் வந்தது. அதுவும் தம்பதியின் வருமானம் 1,50,000ஐத் தாண்டினால் குறையத் தொடங்கும். வரி வரும் நிலையில் இருப்பவர்கள் டபிள்யூ-4வி படிவம் கொடுத்தால் 7, 10, 12 அல்லது 22 சதவீதம் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். ஏப்ரலில் மொத்தமாகத் திணற வேண்டியதில்லை.

கேள்வி (சிகாகோ): அம்மா தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்து 11 வருடம் வேலை பார்த்தார். ஊர் பென்ஷன் வருவதால் இங்கே குறைத்துவிடுவார்கள் என்று விண்ணப்பிக்கவே இல்லை.

பதில்: அந்தக் குறைப்பு இப்போது இல்லை. 2025 ஜனவரி 5 அன்று கையெழுத்தான சோஷியல் செக்யூரிட்டி நியாயச் சட்டம் அதை நீக்கிவிட்டது. 2024 ஜனவரி மாதப் பணத்திலிருந்தே இது செல்லும். ஏற்கெனவே குறைவாக வாங்கியவர்களுக்கு நிலுவை கிடைத்தது. விண்ணப்பிக்காமலே இருந்தவருக்கு, முழு ஓய்வு வயது தாண்டியிருந்தாலும் அதிகபட்சம் 6 மாதம் மட்டுமே பின்தேதியிட்டுத் தருவார்கள். ஒவ்வொரு மாதத் தாமதமும் நிஜ இழப்பு. இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

ஊரில் வேலை பார்த்த வருடங்கள் இங்கே பென்ஷனுக்குத் தேவையான 40 கிரெடிட்டில் (வேலை பார்த்ததற்கான தகுதிப் புள்ளிகள், வருடத்துக்கு அதிகபட்சம் 4) சேருமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அப்படியொரு ஒப்பந்தம் இல்லை. அம்மாவுக்கு இங்கேயே 11 வருடம் இருப்பதால் 40 தேறியிருக்கும்.

கேள்வி (ஹூஸ்டன், வயது 65, இந்தியக் குடியுரிமை): 22 வருடம் வேலை பார்த்தாயிற்று. கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே போகிறோம். பணம் அங்கே வருமா?

பதில்: வரும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் 6 மாதம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் நிறுத்திவிடுவது பொது விதி. இந்தியர்களுக்கு 40 கிரெடிட் இருந்தால் விலக்கு உண்டு. மனைவி உங்கள் கணக்கில் வாங்குவதானால், திருமண உறவில் இருந்தபடி அவர் அமெரிக்காவில் 5 வருடம் வசித்திருக்க வேண்டும். கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் புறப்படும் முன்பே சான்றிதழ் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கார்டை ஒப்படைத்த பிறகு பென்ஷனில் 85 சதவீதத்தின் மீது 30 சதவீதம் வரி, அதாவது ஒவ்வொரு மாதமும் 25.5 சதவீதம் பிடிப்பார்கள். 2,000 டாலர் என்றால் கைக்கு வருவது 1,490. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. தகுதி இருப்பவர்கள் கார்டை ஒப்படைக்கும் முன் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

67க்கு முன் கோவையில் வேலை பார்த்தால் அங்கே டாலர் வரம்பு கிடையாது. மாதம் 45 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மாதப் பென்ஷன் முழுவதும் நிற்கும். சம்பளம் வெறும் 10,000 ரூபாயாக இருந்தாலும் அப்படித்தான்.

பிறகு, எஸ்.எஸ்.ஏ.-7162 என்ற கேள்வித்தாள் தபாலில் வரும். உயிரோடு இருக்கிறீர்களா, முகவரி மாறியதா என்று கேட்பார்கள். நிரப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். வெளிநாட்டிலிருப்பவர்களுக்குப் பணம் திடீரென நிற்கும்போது முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி (சார்லட்): விண்ணப்பித்து மூன்று மாதமாகிறது. "பரிசீலனையில்" என்றே காட்டுகிறது. என் பெயரில் இனிஷியல் மட்டும்தான், குடும்பப் பெயர் இல்லை.

பதில்: சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், சோஷியல் செக்யூரிட்டி கார்டில் வேறு வரிசை, கம்பெனிப் பதிவில் இனிஷியல். மூன்றும் பொருந்தாதபோது சில வருடச் சம்பளம் உங்கள் கணக்கில் ஏறாமலே போயிருக்கலாம். இணையக் கணக்கில் நுழைந்து வருடவாரியாகச் சம்பளப் பதிவைப் பாருங்கள். பூஜ்ஜியம் இருக்கும் வருடத்துக்கு, கம்பெனி தந்த வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பதிவைத் திருத்தப் பொதுக் கெடு 3 வருடம், 3 மாதம், 15 நாள். டபிள்யூ-2 கையிலிருந்தால் அதற்குப் பிறகும் வழி உண்டு. கார்டில் பெயரைத் திருத்த எஸ்.எஸ்.-5 படிவம்.

அடுத்த தடை பிறந்த தேதி. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ போட்டது நம் ஊரில் சகஜம். பிறப்புப் பதிவும் பள்ளிச் சான்றிதழும் முரண்பட்டால் எது பழைய ஆவணமோ அதற்கே மதிப்பு அதிகம். நகல் போதாது, அசலைக் காட்ட வேண்டும்.

தொகை முடிவான பிறகும் "வரவில்லை" என்று பதறுபவர்கள் உண்டு. ஜூலை மாதப் பணம் ஆகஸ்டில்தான் வரும். பிறந்த தேதி 1 முதல் 10 என்றால் இரண்டாம் புதன், 11 முதல் 20 என்றால் மூன்றாம் புதன், அதற்குப் பிறகு நான்காம் புதன். அந்தப் புதனுக்குப் பின் 3 வேலை நாள் பொறுத்து அழையுங்கள்.

கேள்வி (சியாட்டில்): வேலை பார்த்ததைத் தாமதமாகச் சொன்னேன். இப்போது 6,200 டாலர் அதிகம் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது.

பதில்: கடிதத்தின் தேதியைப் பாருங்கள், எல்லாம் அதை வைத்துத்தான். தொகையே தவறு என்றால் எஸ்.எஸ்.ஏ.-561 படிவத்தில் மேல்முறையீடு, 60 நாள். தொகை சரி, ஆனால் உங்கள் தவறு இல்லை, கட்டவும் வசதியில்லை என்றால் எஸ்.எஸ்.ஏ.-632 படிவத்தில் தள்ளுபடி கேட்கலாம். தாமதமாகச் சொன்னது நீங்கள் என்பதால் தள்ளுபடி கிடைப்பது கடினம். தவணை கேளுங்கள், அதற்கு வருமானம், செலவு விவரம் கொடுக்க வேண்டும். எதைக் கேட்பதானாலும் 30 நாளுக்குள் கேளுங்கள், முடிவு தெரியும் வரை பென்ஷனில் கை வைக்க மாட்டார்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் அலுவலக முத்திரையுடன் ஒரு நகல் வாங்கி வீட்டில் வையுங்கள்.