இழுவை குறைந்தது வண்டியிலா, மனசிலா?

கேள்வி: எட்டு மாதம் முன்பு முதல் பைக் வாங்கினேன். 150 சிசி. புதிதில் பால் பாக்கெட் வாங்கக்கூட அதில்தான் போவேன், ஞாயிறானால் கொல்லிமலை. இப்போது வாரத்துக்கு ஒரு நாள் எடுத்தாலே அதிகம். தினமும் காலையில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதோடு சரி. ஓட்டினால் இழுவையே இல்லாத மாதிரி இருக்கிறது, கையில் அதிர்வு வேறு. 6,200 கி.மீ. ஓடியிருக்கிறது. தவணை பாக்கி இருக்கிறது. விற்றுவிடலாமா?
- ராசிபுரம் வாசகர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். புதுசு மோகம் ஆறேழு மாதத்தில் தணியத்தான் செய்யும். ஆனால் செயின் தளர்வது, டயரில் காற்று இறங்குவது, கிளட்ச் கேபிள் நீள்வது எல்லாம் அதே சமயத்தில்தான் நடக்கிறது. ஒவ்வொன்றும் துளித்துளியாக மாறுவதால் கைக்குப் பிடிபடாது. வண்டி சலித்துவிட்டது என்றே தோன்றும். நீங்கள் சொல்லும் இழுவைக் குறைவும் அதிர்வும் பழுதின் அறிகுறிகள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

செயினிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வையுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் சுற்றும் பல்சக்கரம்) நடுவே, கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலே தள்ளி, கீழே இழுத்து, மொத்த ஆட்டத்தை ஸ்கேலில் அளங்கள். இந்த ரக வண்டிகள் பலவற்றில் 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 40 என்று வந்தால் செயின் சீரில்லாமல் நீண்டுவிட்டது. ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்றுவதுதான் வழி. தொங்கும் செயின், ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு உதறு உதறும். டவுன் நெரிசலில் அரை மணி நேரம் அந்த உதறலோடு ஓட்டினால் யாருக்கும் வெறுத்துப்போகும். அதற்காக விறைப்பாக இழுத்துக் கட்டவும் கூடாது, பேரிங் தேயும். இறுக்கும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்சக்கரம் கோணிக்கொள்ளும்.

மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் செயினைத் துடைத்து, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். 500 கி.மீ.க்கு ஒரு முறை போதும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது துணியோடு செயினைத் தொட்டால் விரல் போய்விடும்.

காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன் டயரில் ஐந்து பிஎஸ்ஐ குறைந்தாலே கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் கனக்கும். கிளட்ச் லீவர் நுனியில் மேனுவலில் சொன்ன அளவுக்கு ஆட்டம் வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும்: சத்தம் ஏறும், வேகம் ஏறாது. உங்கள் இழுவைக் குறைவுக்கு இதுவும் காரணமாகலாம். பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, அரைச் சுற்றிலேயே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதிர்வுக்கு, இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளையும் ஹேண்டில் கிளாம்பையும் சர்வீஸில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

காலையில் ஐந்து நிமிடம் ஓடவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது. சூடேறாத இன்ஜினில் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். வாரம் ஒரு முறை 20 நிமிடம் ஓட்டுங்கள், அது போதும்.

மனசுக்கும் ஒன்று சொல்கிறேன். வாராவாரம் அதே மலைக்குப் போனால் அலுக்கத்தான் செய்யும். காலி மைதானத்தில் இரண்டு தண்ணீர் பாட்டிலை ஐந்து மீட்டர் இடைவெளியில் வைத்து, முதல் கியரில், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி எட்டுப் போடுங்கள். கண் பாட்டிலைப் பார்க்கக் கூடாது, அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் பழகிவிட்டு, கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியிலிருந்து ஏறும் அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் போய்ப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வேறு சாலை மாதிரி இருக்கும்.

இவ்வளவும் செய்து 300 கி.மீ. ஓட்டிய பிறகும் மனசு ஒட்டவில்லையா, தயங்காமல் விற்றுவிடுங்கள். கடனை முடித்து, நிதி நிறுவனத்திடம் தடையின்மைச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்சி-யிலிருந்து கடன் பதிவை நீக்குங்கள். பிறகு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெயர் மாற்றம் முடியாமல் வண்டியைக் கைமாற்றினால், நாளை ஒரு விபத்து என்றால் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

கேள்வி: வண்டி 'டல்' அடிக்கிறது. வேறு சைலன்சர் மாட்டினால் பழைய உற்சாகம் வருமா?
- திருச்செங்கோடு வாசகர்

பதில்: வேண்டாம். பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெரும்பாலும் சைலன்சர் குழாயோடு சேர்ந்தே வருகிறது. அதைக் கழற்றினால் சத்தம் கூடும், புகை கூடும், அபராதம் வரும். அந்தப் பணத்தைத் தொடாமலேயே ஒரு வேலை செய்யலாம்: கியர் லீவர் உங்கள் செருப்பின் கனத்துக்கும் பிரேக் பெடல் உங்கள் பாதத்தின் கோணத்துக்கும் ஏற்ற உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஏற்றி இறக்க முடியும், மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. பெடல் உயரத்தை மாற்றினால், பிரேக் லைட் சரியாக எரிந்து அணைகிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள்.