காடிஸ் நகருக்கு விமானச்சீட்டு: ஒரே முன்பதிவா, இரண்டா?

கேள்வி: ஸ்பெயினின் பழைய துறைமுக நகரமான காடிஸுக்கு நானும் என் மனைவியும் செல்ல எண்ணியிருக்கிறோம். சென்னையிலிருந்து மாட்ரிட் வரை ஒரு சீட்டும், அங்கிருந்து காடிஸுக்கு அருகே விமான நிலையம் உள்ள ஹெரேஸுக்குத் தனியாக ஒரு மலிவுச் சீட்டும் எடுத்தால், இருவருக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சமாகிறது. மாட்ரிட்டில் இரண்டரை மணி நேர இடைவெளி இருக்கிறது. இப்படி வாங்கலாமா? காடிஸில் கார் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்குமா?

பதில்: இப்படி வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சீட்டுகள் தனித்தனியாக இருந்தால், சென்னை விமானம் தாமதமாகி நீங்கள் ஹெரேஸ் விமானத்தைத் தவறவிடும்போது, முதல் நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. இரண்டாம் நிறுவனத்தின் கணக்கிலோ நீங்கள் வராத பயணிகள். போக வர ஒன்றாக எடுத்த சீட்டில் முதல் பகுதிக்கு வராவிட்டால், திரும்பும் பகுதியையும் ரத்து செய்வது பல நிறுவனங்களின் விதிமுறையில் உண்டு. மாட்ரிட்டில் எல்லைச் சோதனை வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து, மறுபடியும் ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனையையும் கடக்க இரண்டரை மணி நேரம் மிகவும் குறைவு. மலிவுச் சீட்டில் பெட்டிக்குத் தனிக் கட்டணம் இருந்தால், மிச்சமென்று நினைத்த தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

ஒரே முன்பதிவில் வாங்கினால், இணைப்பு விமானம் தவறும்போது மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, இறுதி இடத்தை அடையும் நேரமே கணக்கில் கொள்ளப்படும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், உங்கள் பயணத்தைப் போல 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். ஆனால் சீட்டு வாங்கும் முன்பே கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது: திரும்பி வரும்போது ஒன்றியத்துக்குள்ளிருந்து புறப்படுவதால் எந்த நாட்டு நிறுவனமானாலும் இந்த விதி பொருந்தும், சென்னையிலிருந்து போகும்போது, விமானத்தை இயக்குவது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். எனவே கட்டணம் ஏறக்குறைய சமமாக இருந்தால், வளைகுடா நிறுவனத்தைவிட ஐரோப்பிய நிறுவனத்தின் சீட்டையே நான் பரிந்துரைப்பேன். கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களால் ஏற்படும் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது. அப்போதும் காத்திருக்கும் நேரத்துக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் தர வேண்டும்.

தனிச் சீட்டுதான் வேண்டுமென்றால், மாட்ரிட்டின் அதோச்சா நிலையத்திலிருந்து காடிஸுக்கு நேரடி ரயில் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். நேரத்தை மாற்றிக்கொள்ள இடந்தரும் வகைச் சீட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

காடிஸுக்கெனத் தனி விமான நிலையம் இல்லை. ஹெரேஸ் விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து முக்கால் மணி நேர அளவில் காடிஸ் போய்விடலாம். ரயில்கள் அடிக்கடி ஓடுவதில்லை என்பதால் கால அட்டவணையை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். செவில் விமான நிலையத்தில் இறங்கினால் பேருந்தில் சாந்தா ஹுஸ்தா நிலையம் சென்று ரயில் ஏற வேண்டும்.

காருக்குச் செலவழிக்க வேண்டாம். பண்டைய கடல் வணிகர்களான ஃபினீசியர்கள் நிறுவிய இந்த நகரின் பழைய பகுதி ஏறத்தாழ முழுவதும் கடல் சூழ்ந்தது. தெருக்கள் குறுகலானவை, காரை நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடு. ரயில் நிலையத்திலிருந்து நகர்மன்றச் சதுக்கம் சில நிமிட நடைதான். 1717இல் அமெரிக்கக் கண்டங்களுடனான ஸ்பெயினின் வணிக நிர்வாகம் செவிலிலிருந்து இங்கு மாற்றப்பட்டபின், வணிகர்கள் தம் கப்பல்கள் வருவதைப் பார்க்க வீட்டு மாடிகளில் எழுப்பிய காவல் கோபுரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன. அவற்றுள் தவீரா கோபுரத்தின் மேல்தளத்தில் நின்று கூரைகளையும் அட்லாண்டிக் கடலையும் பார்ப்பதற்குக் கொடுக்கும் கட்டணம் முற்றிலும் தகும். பிப்ரவரியை ஒட்டிவரும் கார்னிவல் நாட்களில் விடுதிக் கட்டணம் வெகுவாக ஏறிவிடும். விழாவுக்காகவே செல்லவில்லையென்றால் அந்த வாரங்களைத் தவிருங்கள்.

விசா கைக்கு வரும் முன், பணம் திரும்பாத சீட்டை வாங்கிவிடாதீர்கள். ஷெங்கன் (ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) விண்ணப்பத்துக்குப் போக வர முன்பதிவுச் சான்று இருந்தால் போதும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டை வாங்கும்போது, விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.