கதவோரம் ஒரு கணவாய்: மின்சார கார் கேள்வி–பதில்

புது மின்சார எஸ்.யூ.வி. எடுத்து 9 நாள் ஆகிறது. இடதுபக்கம் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள கேப் மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கிறது. வலதுபக்கம் சரியாக இருக்கிறது. ஷோரூமில் கேட்டால் "குழப்பமில்லா சாரே, எல்லா வண்டியும் இப்படித்தான்" என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பாதி உண்மை. எந்த காரிலும் கேப் நூல் பிடித்தாற்போல் இருக்காது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அகலமாக இருப்பது வேறு, ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழே சரிந்து வருவது வேறு. உங்களுடையது இரண்டாவது வகை. அதைச் சரிசெய்ய முடியும், செய்து தரவும் வேண்டும்.

முதலில் அளந்து வையுங்கள். "கொஞ்சம் பெரிசா இருக்கு" என்றால் சர்வீஸ் அட்வைசர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எழுத்து புடைக்காத பழைய ஏ.டி.எம். கார்டுகள் போதும், ஒன்றின் கனம் 0.76 மி.மீ. நான்கு சேர்ந்தால் 3 மி.மீ., ஆறு சேர்ந்தால் 4.6. வண்டியைச் சமதரையில், நிழலில், நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு சக்கரம் திண்ணை ஓரத்தில் ஏறியிருந்தால் அளவு பொய் சொல்லும். கேப்பின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், இரண்டு பக்கமும் அளந்து எழுதி, கார்டு செருகிய நிலையிலேயே போட்டோ எடுங்கள்.

அடுத்து, கதவுகளின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோட்டைப் பாருங்கள். முன்கதவின் கோடு பின்கதவின் கோட்டைவிடக் கீழே இறங்கியிருந்தால் முன்கதவு தொங்குகிறது. முன்கதவு மட்டமாக இருந்து, பின்கதவின் பின்முனை மட்டும் தூக்கியிருந்தாலும் கேப் இதே வடிவத்தில்தான் தெரியும். அப்போது கோளாறு பின்கதவில். இந்த வித்தியாசம் தெரியாமல் முன்கதவை நோண்டினால் ஃபெண்டர் (முன்சக்கரத்தின் மேலுள்ள பேனல்) பக்கத்து கேப்பும் கெட்டுவிடும்.

தொழில் தெரிந்த பாடி ஷாப்காரர் பின்னாலிருந்து முன்னுக்கு வருவார். பின்சக்கரத்தின் மேலுள்ள குவார்ட்டர் பேனல் பாடியோடு வெல்டு ஆனது, நகராது. அதற்குப் பின்கதவைப் பொருத்தி, பின்கதவுக்கு முன்கதவை, முன்கதவுக்கு ஃபெண்டரை, ஃபெண்டருக்கு பானெட்டை, கடைசியில் ஹெட்லைட்டையும் பம்பரையும் பொருத்துவதுதான் வரிசை.

கதவு தொங்கினால் மேல் கீலை முன்னுக்கு நகர்த்த வேண்டும், அல்லது கீழ் கீலைப் பின்னுக்கு. கீல்களுக்கு நடுவே 40 செ.மீ., கதவு நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேல் கீலில் 1 மி.மீ. நகர்த்தினாலே பின்முனை 2.5 மி.மீ. ஏறிவிடும். அதனால் கைக்கு வந்தபடி தள்ளுகிற வேலை இல்லை இது. கதவின் அடியில் மரக்கட்டையும் துணியும் வைத்து ஜாக் தாங்கல் கொடுத்து, கீலின் பழைய இடத்தை மார்க்கரால் சுற்றி வரைந்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கீலின் போல்ட்டை மட்டும் தளர்த்த வேண்டும். கடைசியில் நிறுவனம் சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரென்ச்சால் இறுக்கி, பெயின்ட் உரிந்த போல்ட் தலைக்கு டச்சப் வைக்க வேண்டும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. கீலைத் தொடாமல், தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கரை (கதவின் லாக் போய் மாட்டும் வளையம்) நகர்த்திக் கதவைத் தூக்கிவிடுவார்கள். மூடியிருக்கும்போது பார்க்க ஒழுங்காகத் தெரியும். திறந்தால் கதவு மறுபடி தொங்கும், மூடும்போதெல்லாம் ஸ்ட்ரைக்கர் மேல் ஏறி இறங்கி லாக்கைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் கதவை மெதுவாக மூடி, கடைசி இரண்டு விரல்கடையில் கதவு மேலே துள்ளுகிறதா என்று கவனியுங்கள். துள்ளினால் கீல் வேலை நடக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். கீல் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், கதவைக் கழற்றி மாட்டியே உள்வேலை செய்கிற ஃபேக்டரிகள் உண்டு. ஆனால் இடதுபக்க போல்ட்டில் மட்டும் உடைந்து, வலதுபக்கம் முழுசாக இருந்தால், லாரியிலோ யார்டிலோ இடிபட்டு வேலை பார்த்த வண்டியாக இருக்கலாம். பெயின்ட் கனம் அளக்கும் கருவியை அந்தப் பேனலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேக்டரி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரும். ஒரே பேனல் மட்டும் 250, 300 காட்டினால் கேள்வியின் தொனியே மாற வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கருவி வேலை செய்யாது.

80க்கு மேல் போனால் ஓட்டுநர் பக்கம் விசில் மாதிரி சத்தம். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றே காரணம் என்கிறார் சர்வீஸ்காரர்.
– வாசகி, வேலந்தாவளம்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு விசிலடிக்கத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் கணவாய்க்கு வெளியே, காற்றில்லாத விடியற்காலையிலும் அதே வேகத்தில் அதே சத்தம் வந்தால் பழி காற்றின்மேல் இல்லை. இன்ஜின் சத்தம் இல்லாததால் பெட்ரோல் காரில் காதுக்கு எட்டாததெல்லாம் இதில் எட்டும் என்பதும் நிஜம்.

கண்டுபிடிக்க ஒரு ரோல் மாஸ்கிங் டேப் போதும். கதவின் மேல்விளிம்பு, முன்விளிம்பு, கண்ணாடி ஓரம், சைடு மிரர் அடி என்று ஒவ்வொரு இடமாக ஒட்டி, ஒவ்வொரு தடவையும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். எந்த இடத்தை ஒட்டியதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஓட்டை. டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள், வெயிலில் காய்ந்தால் பசை பெயின்டில் பிடிக்கும்.

பிறகு அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி, இழுங்கள். பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழவழவென்று வந்தால் அங்கே ரப்பர் பீடிங் அழுந்தவில்லை. ஸ்ட்ரைக்கரை அரை மி.மீ. உள்ளே தள்ளினாலே பெரும்பாலும் தீரும். இங்குதான் ஸ்ட்ரைக்கருக்கு வேலை. அளவுக்கு மீறித் தள்ளினால் கதவை அறைந்து சாத்த வேண்டிவரும்.

விரல் நுனியால் முன்கதவிலிருந்து பின்கதவுக்குத் தடவியும் பாருங்கள். பின்கதவின் விளிம்பு மயிரிழை உள்வாங்கியிருக்கலாம், வெளியே துருத்தக் கூடாது. துருத்தினால் எதிர்க்காற்று அந்த விளிம்பில் மோதும்.

பானெட் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. "நாலு தட்டு தட்டி அமுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்கிறார் எங்கள் ஊர் டிங்கர்.
– வாசகர், களியக்காவிளை

அமுக்க விடாதீர்கள். அலுமினிய பானெட்டாக இருந்தால் நெளிந்தது நெளிந்ததுதான்.

பானெட்டைத் திறந்தால் முன்மூலைகளில் திருகு போல ரப்பர் கட்டைகள் தெரியும். பல கார்களில் அவற்றைச் சுழற்றினால் அந்த மூலை ஏறும், இறங்கும். கால் சுற்று சுற்றி மூடிப் பாருங்கள், பிறகு இன்னொரு கால் சுற்று. இரண்டும் பானெட்டைத் தொட்டே இருக்க வேண்டும். ஒன்று தொடாமல் நின்றால் மேடு பள்ளத்தில் பானெட் அதிரும். தூக்கல் கண்ணாடிப் பக்கத்தில் என்றால் கீல் சம்பந்தப்பட்டது, சர்வீஸ் சென்டருக்கே விடுங்கள். அங்கே உள்ளே ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடலாம், அவை உயர்மின்னழுத்தம்.

அழகைவிட முக்கியம் இரண்டாம் கொக்கி. உள்ளே லீவரை இழுத்ததும் பானெட் சற்றே எழும்பி அந்தக் கொக்கியில் நிற்க வேண்டும். அதை விடுவிக்காமல் கையால் தூக்கிப் பாருங்கள், வரக் கூடாது. வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா 1,19,009 மாடல் எஸ் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். முன் டிக்கியின் லாட்ச் இடம் தவறிப் பொருந்தியதால் இரண்டாம் கொக்கி மாட்டாமல் போய், ஓடும்போது மூடி திறந்து பார்வையை மறைக்கலாம் என்பது அதன் காரணம்.

மழை பெய்தால் டிக்கி கார்பெட் ஈரமாகிறது. கேப் வெளிப்பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கிறது.
– வாசகர், குமுளி

உங்கள் ஊர் மழையில் தள்ளிப்போடக் கூடாத காரியம். சில மின்சார கார்களில் டிக்கித் தரைக்கு அடியில் மின்னணுப் பெட்டிகள் இருக்கும்.

டிக்கிக்குள் டார்ச்சோடு ஒருவர் உட்காரட்டும். வெளியே இன்னொருவர் தோட்டத்து ஹோஸில், வேகம் குறைத்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஓட்டை எது என்றே தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம். டெயில் லேம்ப் கேஸ்கெட், பீடிங் இரண்டு முனையும் சேரும் இடம், டிக்கிக் கதவின் வயர் ரப்பர் குழாய் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். சிலிக்கோன் பூசி அடைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வண்டி பாலக்காட்டில் வாங்கியது, வீடு பொள்ளாச்சியில். மூன்று தடவை விட்டும் கதவு சரியாகவில்லை. வழக்கு என்றால் கேரளாவுக்கு அலைய வேண்டுமா?
– வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட வழி தருகிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் கோவை மாவட்ட ஆணையம் போதும். கட்டணம் 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915க்குக் கூப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்து பாருங்கள், பல நேரம் நிறுவனம் அங்கேயே இறங்கி வரும்.

புது வண்டியே தா என்று கேட்டு ஏமாற வேண்டாம். 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், வாரன்ட்டிப்படி நிறுவனத்தின் கடமை கோளாறான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்று சொல்லி, முழு காரையும் மாற்றித் தரும் உத்தரவை ரத்து செய்தது. உங்களுக்குக் கைகொடுப்பவை ஜாப் கார்டுகள்தான் (சர்வீஸுக்கு விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் சீட்டு). ஒவ்வொன்றிலும் "இடது முன்கதவு, மேலே 3 மி.மீ., கீழே 4.6 மி.மீ." என்று அளவோடு எழுதியிருக்க வேண்டும். "கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் செக்டு, ஓகே" என்று எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வாரன்ட்டி புத்தகத்தையும் புரட்டுங்கள். சில நிறுவனங்கள் கதவு, பானெட் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு மட்டும் குறுகிய காலம் வைத்திருக்கும்.

மத்தியானம் பம்பருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கேப் மாறுகிறது. காலையில் சரியாக இருக்கிறது.
– வாசகர், புளியரை

பிளாஸ்டிக் பம்பர் வெயிலில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். காலையில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிதுங்கினால் உள்ளே கிளிப் மாட்டவில்லை. வண்டியில் முன்ரேடார் இருந்தால் பம்பரைக் கழற்றுகிறவர் ரேடாரின் பிராக்கெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1 டிகிரி திரும்பினாலே 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும், அடுத்த லேன் லாரிக்கு உங்கள் வண்டி பிரேக் போடும். தொட்டிருந்தால் கேலிபரேஷன் (ரேடார் பார்க்கும் திசையைச் சரிசெய்வது) செய்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.