வேலையை விட்டால்தான் படம் வருமா?

கேள்வி: கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதுகிறேன். பின்னேரங்களில் ஓவியம் வரைவதுதான் என் உயிர். "இதால என்ன வரப்போகுது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆர்வமும் விடாமுயற்சியும் இருந்தால் வெல்லலாம் என்பது உண்மையா? வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கட்டுமா?
வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். சம்பளம் வந்தால் கலை போய்விடும் என்று யாரோ உங்களுக்கு ஓதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ சம்பளம் வராத வீட்டில்தான் அது சீக்கிரம் போகிறது.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையை எடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், பிழைப்புக்கு அரசாங்கக் கணக்கு வேலை, அதாவது ஏறத்தாழ உங்கள் வேலைதான். அந்த உத்தியோகத்தில் இருந்தபடியே தொடங்கி, ஓய்வுபெற்ற பின்னும் விடாமல், தொட்டால் உதிர்கிற ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அச்சேற்றினார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் 1868, வீரசோழியம் 1881, பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887. ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். இத்தனை காலமும் அவருக்கு ஆர்வம் பொங்கிக்கொண்டே இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஏடு ஒப்பிடுவது கண்ணைக் கெடுக்கிற, சலிப்பான வேலை. சலித்த நாளிலும் மனுசன் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, வெற்றிக்கு உத்தரவாதம் உண்டா என்றால், இல்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனும் சட்டத்தரணியாக இருந்துகொண்டு நீந்தியவர்தான். 1971 இல் பாக்கு நீரிணையைக் கடந்து திரும்பி வர அவருக்கு 51 மணித்தியாலம் பிடித்தது. அதே மனிதர் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் உயிரை விட்டார். அவருக்கு முயற்சி போதாது என்று யார் சொல்வது?

உங்கள் கடிதத்தில் ஒன்று இடிக்கிறது. வரைகிறேன் என்கிறீர்கள், யாரிடம் காட்டினேன் என்று ஒரு வரிகூட இல்லை. தனியே இருந்து ஒரே பிழையைப் பத்து வருசம் செய்தாலும் அது விடாமுயற்சி மாதிரித்தான் தெரியும். யாழ். பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் நல்லாய்க் குறை சொல்கிற ஒருவரைப் பிடியுங்கள், சினேகிதரை அல்ல. மோசமாக வந்த படங்களையும் கொண்டுபோங்கள்.

வீட்டார் கேட்டால் கேட்கட்டும். சம்பளக் காசு மாதாமாதம் அம்மாவின் கைக்குப் போகும்வரை அந்தக் கேள்வியில் பெரிய சூடு இருக்காது.